61 நாளில் ஆறாத தரை

சங்காயம் பொறுக்கத்தான் நான் முதன்முதலில் படகு நிற்கும் ஜெட்டிக்குப் போனேன். 2002ஆக இருக்கும், எனக்கு எட்டு வயது. கடலடியில் இழுத்துப் போகும் வலையான இழுவை மடியில் ஏறிவரும் கழிவு மீனுக்கு ராமேஸ்வரம் பக்கம் சங்காயம் என்று பெயர். இறாலும் நண்டும் கணவாயும் தனித்தனிக் கூடைக்குப் போன பிறகு தளத்தில் மிஞ்சிக் கிடக்கும் குவியல் அது. அம்மாவும் இன்னும் நாலைந்து பெண்களும் அதைச் சுற்றிக் குத்தவைத்து உட்கார்ந்து, கண் தப்பிப் போன இறாலைப் பொறுக்குவார்கள். மிச்சம் வெயிலில் காய்ந்து, கோழித் தீவனத்துக்கும் மீன்தூள் ஆலைக்கும் லாரி ஏறும்.

கடலின் அடி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரிந்தது அந்தக் குவியலில்தான். விரல் நீளக் காரல் மீன். கை உடைந்த நட்சத்திர மீன். தண்ணீர் குடித்துக் கனக்கும் கடற்பஞ்சு. என் கட்டைவிரல் நகத்தளவு நண்டுக் குஞ்சு, நூற்றுக்கணக்கில். இவற்றுக்கெல்லாம் நடுவில் பச்சைப் பச்சையாகக் கடல் தாழை என்கிற கடற்புல், வேரோடும் வேரில் ஒட்டிய சேற்றோடும். ஒருநாள் ஒரு கடல் குதிரை கிடைத்தது. உயிர் இருந்தது. ஒரு தாழை இலையை வாலால் சுற்றிப் பிடித்திருந்தது. கடல் குதிரையும் கடல் அட்டையும் வன உயிரினச் சட்டத்துக்குள் வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அம்மா பதறிப்போய், "தூக்கித் தண்ணியில போடு தாயி, கேஸாயிரும்" என்றார். போட்டேன். இலையோடு சேர்ந்தே மூழ்கியது.

அந்த மடியை இழுத்த படகில் கூலிக்குப் போனவர் என் அப்பா. 26 வருடம் போனார். அம்மாவின் அண்ணன், என் பெரிய மாமா, சங்கு குளிக்கிறவர். வயதானபின் குளிப்பதை விட்டுவிட்டு நாட்டுப்படகில் நண்டு வலை போட்டார். அவருடைய வலையை விசைப்படகுகள் அறுத்துக்கொண்டு போன இரவுகள் உண்டு. அதில் ஒருமுறை அப்பா வேலை செய்த படகே அறுத்தது. எங்கள் வீட்டில் இரண்டு வாரம் யாரும் யாரோடும் பேசவில்லை. அதனால் இழுவை மடியைப் பற்றி எழுதும்போது ஒரு பக்கத்தை வில்லனாக்கி எழுத என்னால் முடியாது. இரண்டு பக்கமும் என் வீடு.

முதலில் மடி என்ன செய்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். படகின் பின்னால் இரண்டு கம்பிவடம் போகும். ஒவ்வொரு வடத்திலும் இரும்புப் பூண் போட்ட கனத்த பலகை ஒன்று. படகு ஓடும்போது தண்ணீர் அந்தப் பலகைகளைப் பக்கவாட்டில் தள்ளும். மடியின் வாய் விரிந்துகொள்ளும். பலகை சும்மா மிதந்து வராது, தரையில் கோடு கிழித்துக்கொண்டே வரும். மடியின் கீழ்வாயில் ஈயமோ சங்கிலியோ கோத்திருக்கும். இறால் பகலில் சேற்றுக்குள் புதைந்து கிடக்கிற பிராணி. அதைக் கிளப்பினால்தான் அது துள்ளி மடிக்குள் விழும். "மடி தரையைக் கவ்வணும்மா, கவ்வலைன்னா டீசல்தான் செலவு" என்பார் அப்பா. மணிக்கு இரண்டரை, மூன்று கடல் மைல் வேகத்தில் இரண்டு மணி நேரம் இழுத்தால், ஒரே இழுப்பில் ஒன்பதிலிருந்து பதினோரு கிலோமீட்டர் நீளத்துக்குத் தரை அரைபடும். ஒரு இரவில் இப்படி மூன்று நான்கு இழுப்பு. பாக் நீரிணையோ ஆழமே இல்லாத கடல், பெரும்பகுதி 15 மீட்டருக்குள் அடங்கிவிடும். மடிக்கு எட்டாத இடம் என்று அங்கே கிட்டத்தட்ட எதுவும் கிடையாது.

அப்பா மேலேயிருந்து இழுத்ததை மாமா கீழேயிருந்து பார்த்தவர். மூச்சை அடக்கி நாலைந்து பாகம் (ஒரு பாகம் என்பது விரித்த இரண்டு கை நீளம்) இறங்கி, மணலில் கையால் துழாவிச் சங்கெடுப்பது அவர் தொழில். சங்கின் அகலத்தை வளையம் வைத்து அளந்து, சிறியதைத் திரும்பக் கடலிலேயே போடுகிற வழக்கம் அந்தத் தொழிலில் இருந்தது. சங்கு மணலுக்குள் இருக்கும் புழுவைத் தின்று வாழ்கிறது என்று புத்தகத்தில் படித்தபோது, மாமா அதை எனக்கு எப்போதோ சொல்லிவிட்டிருந்தார். "புழு இருக்கிற மணல்லதான் சங்கு இருக்கும். புழு இல்லாத மணல் வெறும் மணல்." சங்கு முட்டையிடுவதையும் அவர்தான் காட்டினார். ஆட்டுக்கொம்பு மாதிரி முறுக்கிக்கொண்ட ஒரு கூடு. அதன் அடிப்பக்கம் மணலில் ஊன்றி நிற்கும். உள்ளே குஞ்சுச் சங்குகள் அடுக்கடுக்காக. அந்தக் கொம்புகளைச் சங்காயக் குவியலில் நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், என்னவென்று தெரியாமல் விளையாடியிருக்கிறேன்.

இழுவைப்படகு போன தடத்தில் இறங்கினால் எப்படி இருக்கும் என்று மாமாவிடம் கேட்டிருக்கிறேன். ஏர் உழுத புஞ்சை மாதிரி என்றார். பலகை போன இடத்தில் சால் விழுந்திருக்கும். சாலுக்கு இரண்டு பக்கமும் ஓடு நொறுங்கிய சிப்பியும், தலைகீழாகக் கிடக்கும் பஞ்சும். நண்டும் சில மீன்களும் செத்ததைத் தின்ன வந்து மொய்க்கும். அதைப் பார்த்து அங்கே மீன் நிறைய இருக்கிறது என்று ஏமாறக்கூடாது என்பார். தண்ணீர் கலங்கிக் கிடக்கும். அந்தக் கலங்கல் மெதுவாக இறங்கி, தள்ளியிருக்கும் தாழையின் இலைமேல் மாவு தூவியது போலப் படியும். தாழைக்கு வெயில் வேண்டும். இலை மூடிப்போனால் அது சாகும். தாழை போனால் அதற்குள் ஒளிந்து வளர்கிற இறால் குஞ்சும் நண்டுக் குஞ்சும் போகும், அதை மேய வருகிற ஆவுளியாவும் வராது. கடல் பசுவை எங்கள் பக்கம் ஆவுளியா என்றுதான் சொல்வார்கள். மாமா தன் வாழ்நாளில் அதை மூன்று முறை பார்த்திருக்கிறார்.

இதற்கு எண்ணிக்கையில் ஒரு கணக்கு இருக்கிறது என்று வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. இழுவை மடியைப் பற்றி உலகின் பல கடல்களில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் ஒரு கட்டுரை வெளியானது. பலகை வைத்த மடி ஒருமுறை கடந்தால், சராசரியாக 2.4 சென்டிமீட்டர் ஆழத்துக்குத் தரை கிளறப்படுகிறது, அங்கே வாழும் உயிர்களில் 6 சதவீதம் போகிறது. தண்ணீரைப் பீய்ச்சித் தரையைக் கிளறிச் சிப்பி எடுக்கும் கருவி என்றால் ஆழம் 16.1 சென்டிமீட்டர், இழப்பு 41 சதவீதம். அப்படியானால் நம் மடி பரவாயில்லையே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. அப்புறம் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 6 சதவீதம் போனால் 94 மிச்சம். அதில் மறுபடி 6 சதவீதம், மறுபடியும் 6. நடுவில் தேற அவகாசம் இல்லாமல் ஒரே இடத்தைப் பத்து முறை இழுத்தால் மிஞ்சுவது 54. பாதிக்குக் கொஞ்சம் மேலே. பாக் நீரிணையில் ஒரு நல்ல இறால் தரையை ஒரு பருவத்தில் பத்து முறைதானா இழுக்கிறார்கள்? அப்பாவிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதே கட்டுரையில் இன்னொரு எண் இருக்கிறது. உயிர்கள் பாதியாகக் குறைந்துபோன தரை, இழுப்பதை அடியோடு நிறுத்தினால், பழைய நிலையில் 95 சதவீதத்துக்குத் திரும்ப எடுத்துக்கொள்ளும் காலம் 1.9 வருடத்திலிருந்து 6.4 வருடம் வரை. வேகமாக வளர்ந்து வேகமாகச் சாகும் புழுக்கள் சீக்கிரம் திரும்பிவிடும். நெடுநாள் வாழும் பஞ்சும் விசிறிப் பவளமும் பெரிய சிப்பியும் மெதுவாகத்தான் வரும்.

வருடக்கணக்கில் கேட்கிற தரைக்கு நாம் என்ன கொடுக்கிறோம்? 61 நாள்.

தமிழ்நாட்டுக் கடலின் விதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் இந்தக் கோளாறு புரியும். 1950களில் நார்வே உதவியோடு கேரளத்தின் நீண்டகரை, சக்திகுளங்கரைப் பக்கம் தொடங்கிய விசைப்படகுத் திட்டம் இறால் ஏற்றுமதிக்கு வழி திறந்தது. பத்துப் பதினைந்து வருடத்துக்குள் நம் கரையிலும் இறாலுக்காகப் படகு கட்டாத ஊர் குறைவு. 1970களில் விசைப்படகுக்காரர்களும் நாட்டுப்படகுக்காரர்களும் கடலிலேயே மோதிக்கொண்டார்கள். உயிர் போனது, படகுகள் எரிந்தன. பாக் நீரிணையில் அதற்கு ஊர்களும் அரசும் சேர்ந்து கண்ட தீர்வு நாள் பங்கீடு. திங்கள், புதன், சனி விசைப்படகுக்கு. மிச்ச நாலு நாள் நாட்டுப்படகுக்கு. 1983இல் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. 2001இல் வருடத்துக்கு 45 நாள் தடைக்காலம். 2017இலிருந்து அது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்.

நாள் பங்கீட்டை நான் மதிக்கிறேன். அது இல்லையென்றால் அப்பாவும் மாமாவும் ஒரே வீட்டில் சோறு தின்றிருக்க முடியாது. தடைக்காலத்தையும் மதிக்கிறேன், மீன் முட்டையிடுகிற பருவத்தில் அதற்கு மூச்சுவிட இடம் கொடுக்கிறது. ஆனால் இரண்டுமே காலத்தை அளக்கிற விதிகள். மனிதர்கள் சண்டை போடாமலிருக்க ஒன்று, மீன் குஞ்சு பொரிக்க ஒன்று. தரைக்காக யாரும் எதையும் எழுதவில்லை. ஜூன் 15 காலையில் எங்கள் ஜெட்டியைப் பார்த்திருக்கிறீர்களா? டோக்கன் வாங்கி நூற்றுக்கணக்கான படகுகள் ஒரே நாளில் கிளம்பும். முதல் இழுப்பில் இறால் குவியும், ஊரே சிரிக்கும். இரண்டு மாதம் கொஞ்சம் தலைதூக்கிய தாழையும் பஞ்சும் அந்த முதல் வாரத்திலேயே மடிக்குள் போய்விடும். தரைக்கு வேண்டியது இடம்: இந்த இடத்தில் ஐந்து வருடம் மடி விழாது, பத்து வருடம் விழாது என்று சொல்லும் விதி.

இடம் பற்றிய விதியும் நம்மிடம் ஒன்று இருந்தது. 1983 சட்டம் கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் விசைப்படகு இழுக்கக்கூடாது என்றது. இறால் அதிகமாகக் கிடப்பதும் அந்தக் கரையோரத்தில்தான். இரவில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நின்றால் விசைப்படகுகளின் விளக்கு எவ்வளவு கிட்டத்தில் தெரியும் என்பதை ஊரில் எந்தக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும்.

இந்த இடத்தில் ஆஸ்திரேலியாவின் வடமேற்குக் கரையில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. எனக்கு இந்த விஷயத்தில் பிடித்த கதை அது. 1970களில் தைவான் படகுகள் அங்கே இரட்டை மடி, அதாவது இரண்டு படகு சேர்ந்து ஒரே மடியை, இழுத்தன. தொடக்கத்தில் அந்தக் கடலில் விளமீனும் செப்பிலியும் ஏராளம். சில வருடங்களில் அவை குறைந்து, அந்த இடத்தை சங்கரா இனமும் தும்பிலியும் பிடித்துக்கொண்டன. நம் ஊர் மீன்சந்தையில் நின்று யாராவது சொல்வது போலவே இருக்கிறது, இல்லையா? விலைபோகும் மீன் போய் விலை குறைந்த மீன் வருவது. ஆராய்ச்சியாளர்களுக்கு ஒரு சந்தேகம். விளமீன் குறைந்தது அதை அதிகமாகப் பிடித்ததாலா, அல்லது அது அண்டி வாழ்ந்த கடற்பஞ்சுக் காட்டை மடி வாரிக்கொண்டு போனதாலா? இரண்டுக்கும் மருந்து வேறு. முதல் காரணம் என்றால் பிடிப்பதைக் குறைத்தால் போதும். இரண்டாவது என்றால் தரையைத் தொடாமலிருந்தால்தான் மீன் திரும்பும்.

விவாதம் செய்து முடிவு கட்டுவதற்குப் பதில் அவர்கள் கடலையே பகுதி பகுதியாகப் பிரித்தார்கள். 1980களின் நடுவில் ஒரு பகுதியில் இழுவை மடியை நிறுத்தினார்கள், இன்னொரு பகுதியில் இழுக்க விட்டார்கள். வருடாவருடம் போய் எண்ணினார்கள், கேமரா இறக்கித் தரையைப் படம் பிடித்தார்கள். மூடிய பகுதியில் விளமீனும் செப்பிலியும் கூடின, தரையில் சின்னச் சின்னப் பஞ்சுகள் முளைத்தன. பெரிய பஞ்சுகள் மட்டும் அவ்வளவு சீக்கிரம் வரவில்லை. திறந்திருந்த பகுதியில் சரிவு நின்றபாடில்லை. தரைதான் காரணம் என்ற பக்கமே தராசு சாய்ந்தது. அதன்பிறகு அந்தக் கடலில் இழுவை மடிக்கு எல்லை வைத்தார்கள், சில பகுதிகளில் கூடு வைத்து மீன் பிடிப்பது வளர்ந்தது. நிர்வாகம் என்பது தெரியாததைக் கடலிடமே கேட்டுத் தெரிந்துகொள்வதாகவும் இருக்கலாம் என்று எனக்குக் காட்டியது இந்தக் கதை.

அமெரிக்காவின் மேற்குக் கரையில் செய்தது இன்னும் எளிமையானது. மடியின் கீழ்வாயில் பெரிய ரப்பர் உருளைகளைக் கோத்தால், மடி பாறைமேல் ஏறி இறங்கிப் போகும், கிழியாது. அப்படித்தான் பாறைப் பகுதிகளுக்குள்ளும் இழுவைப்படகு நுழைந்தது. 2000இல் கரையை ஒட்டிய ஆழம் குறைந்த பகுதியில் 8 அங்குலத்துக்கு மேற்பட்ட உருளைக்குத் தடை போட்டார்கள். சின்ன உருளையோடு பாறைக்குள் போனால் மடி கிழியும், நஷ்டம். படகுக்காரர்களே பாறையை விட்டு விலகிப் போனார்கள். அலாஸ்கா பக்கத்துப் பெரிங் கடலில் தட்டை மீன் பிடிக்கும் மடிகளுக்கு வேறு ஏற்பாடு. பலகையையும் மடியையும் இணைக்கும் நீண்ட வடம்தான் அதிகப் பரப்பைத் துடைக்கிறது என்று கண்டு, அதில் இடைவெளி விட்டு வட்டுகளைக் கோத்து, வடத்தைத் தரையிலிருந்து சில அங்குலம் தூக்கினார்கள். 2011இலிருந்து அது கட்டாயம். தட்டை மீன் கிடைப்பது பெரிதாகக் குறையவில்லை.

நம் பக்கமும் பார் என்றால் மடிக்குப் பயம் இருந்தது. கடலுக்கடியில் கல்லும் பவளமும் உள்ள மேட்டைப் பார் என்போம். பார் பக்கம் போகாதே, மடி போயிரும் என்பதுதான் அப்பா காலத்து டிரைவர்களின் முதல் பாடம். அந்தப் பயம்தான் பாரைக் காப்பாற்றி வைத்திருந்தது. உருளை மடியும் ஜிபிஎஸ்ஸும் வந்தபின் பயம் போய்விட்டது. அந்தப் பயத்தைத் திரும்பக் கொண்டுவருவதுதான் கரையோரங்களில் போடப்படும் செயற்கைப் பார். முக்கோணமும் வளையமுமாகக் கான்கிரீட்டில் வார்த்து இறக்குகிறார்கள். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் இதை நம் கரையில் பல ஊர்களில் செய்திருக்கிறது. மீன் சேர்வது ஒரு நன்மை. என் கண்ணுக்குப் பெரிய நன்மை, அங்கே மடி விழாது என்பது. கல் இருக்கிற இடத்தில் எந்த அதிகாரியும் இரவில் காவல் நிற்க வேண்டியதில்லை.

சரி, இடத்தை மூடு மூடு என்கிறாயே, அங்கே இழுத்த படகு எங்கே போகும் என்று அப்பா கேட்டார். சரியான கேள்வி. பக்கத்து இடத்துக்குத்தான் போகும். புதிதாக இழுபடும் தரையில்தான் சேதம் அதிகம். பலமுறை உழுதுபோன இடத்தில் இன்னொரு இழுப்பு அவ்வளவு கெடுதல் செய்வதில்லை. அதனால் மூடுவதற்கு முன்னால் எங்கே இழுக்கலாம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அலையும் நீரோட்டமும் எப்படியும் புரட்டிப் போடுகிற சேற்றுத் தரையும் மணல் தரையும் கொஞ்சம் தாங்கும். தாழையும் பாரும் பஞ்சுத் தரையும் தாங்காது. படகின் எண்ணிக்கை குறையாமல் இதில் எதுவும் நிற்காது. இங்கேதான் பேச்சு பணத்தில் வந்து முடிகிறது.

ஹாங்காங் 2012 டிசம்பர் 31ஆம் தேதியோடு தன் கடலில் இழுவை மடியை முற்றிலும் நிறுத்தியது. நிறுத்துவதற்கு முன் படகுக்காரர்களுக்கு நிவாரணம் கொடுத்தது, விற்க விரும்பியவர்களின் படகை அரசே வாங்கியது, கூலியாட்களுக்கும் பணம் ஒதுக்கியது. நம்மிடம் 2017இல் ஒரு திட்டம் வந்தது. பாக் நீரிணையின் 2,000 இழுவைப்படகுகளை ஆழ்கடலில் சூரை பிடிக்கும் தூண்டில் படகுகளாக மாற்றுவது. ஒரு படகு 80 லட்சம் ரூபாய். பாதி மத்திய அரசு, 20 சதவீதம் மாநில அரசு, 20 சதவீதம் வங்கிக் கடன், 10 சதவீதம் மீனவர் கையிலிருந்து. கேட்க நன்றாக இருந்தது. ஆனால் எங்கள் ஊர்க்காரர்கள் இன்று போய் நாளைக் காலையில் வீடு திரும்புகிறவர்கள். சூரைக்குப் போனால் வாரக்கணக்கில் கடலில் கிடக்க வேண்டும், வேறு ஆழம், வேறு தொழில். அந்தப் பெரிய படகு எங்கள் ஆழமில்லாத ஜெட்டியில் நிற்காது. மன்னார் வளைகுடாப் பக்கம் மூக்கையூருக்குத்தான் போக வேண்டும். 8 லட்சத்தைக் கையிலிருந்து எடுத்து வைக்கக்கூடிய நிலையில் எத்தனை பேர் இருந்தார்கள்? இலக்கில் சிறு பங்கு படகுகளே கட்டப்பட்டன. இதில் கூலியாளுக்கு என்ன என்று யாரும் கேட்கவில்லை. அப்பா மாதிரி கூலிக்குப் போகிறவருக்குப் படகும் கிடையாது, மாற்றிக்கொள்ளக் கடனும் கிடையாது. ஹாங்காங் கூலியாளையும் கணக்கில் எடுத்தது என்று அப்பாவிடம் சொன்னபோது, "நெசமாவா?" என்று இரண்டு முறை கேட்டார்.

இன்னொரு பக்கத்தைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடிக்க எனக்கு மனம் வராது. நம் படகுகள் எல்லை தாண்டி இழுப்பது யாழ்ப்பாணம், மன்னார்ப் பக்கத்துத் தமிழ் மீனவர்களின் தரையை. போர்க் காலத்தில் அவர்கள் கடலில் இறங்கத் தடையும் கட்டுப்பாடும் இருந்தன. 2009க்குப் பிறகு கடன் வாங்கி வலை வாங்கி இறங்கியவர்கள், திங்கள், புதன், சனி வந்தால் வலையைக் கரையில் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். நம் நாள் பங்கீடு அவர்கள் ஊருக்கும் நாள்காட்டி ஆகிவிட்டது. 2017இல் இலங்கை இழுவை மடியைச் சட்டத்தால் தடை செய்தது. அந்தத் தடை குருநகர் போன்ற ஊர்களில் இழுவை மடி வைத்திருக்கும் அவர்களுடைய சொந்த மீனவர்களுக்கும்தான். அதற்கு முந்திய வருடம் டெல்லியில் இரண்டு அரசுகளும் சேர்ந்து, இழுவை மடியை விரைவில் முடிவுக்குக் கொண்டுவருவதை நோக்கி நகர்வது என்று அறிக்கை விட்டிருந்தன. நம் மீனவர்கள் சுடப்பட்டதையும் சிறைப்பட்டதையும் நினைத்தால் எனக்கு நெஞ்சு வலிக்கிறது. எங்கள் தெருவிலேயே அப்படி ஒரு வீடு இருக்கிறது. அதற்காக, மாமாவின் வலையை அறுத்தது தப்பு என்று சொல்லும் நான், மன்னார்ப் பக்கத்துப் பேசாலைக்காரரின் வலையை அறுத்தால் வாய்மூடி இருக்க முடியாது.

நம்பிக்கை தரும் வேலைகளும் நடக்கின்றன. 2022இல் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையில் 448 சதுர கிலோமீட்டர் கடலைக் கடல் பசுக் காப்பகமாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. மீனவர்களுக்குப் புதிய தடை எதுவும் அதில் இல்லை. இருந்தாலும் பாக் நீரிணையில் ஒரு தரைக்கு, அங்கே விளையும் புல்லுக்காக, ஒரு பெயரும் எல்லையும் கிடைத்ததே பெரிது என்று நினைக்கிறேன். அழிந்த இடத்தில் தாழை நடுகிறார்கள். மூங்கில் சட்டத்தில் தேங்காய் நார்க் கயிறு கட்டி, அதில் தாழைத் துண்டுகளைச் செருகி, மூழ்கிப் போய்த் தரையில் பதிக்கிறார்கள். ஒரு படத்தில் அதைப் பார்த்தபோது நாற்று நடுகிற கைகள் போலவே இருந்தது. விசைப்படகுகளில் இஸ்ரோவின் டிரான்ஸ்பாண்டர் பொருத்தப்படுகிறது. எல்லை தாண்டுவதை எச்சரிக்கவும் புயல் செய்தி அனுப்பவும் அது. எந்தப் படகு எந்தத் தரையில் எத்தனை முறை இழுத்தது என்பதை அறியவும் அதே கருவி உதவும். முன்பு இடத்துக்கு விதி போட்டால் கண்காணிக்க முடியாது என்பார்கள். இனி அப்படிச் சொல்ல முடியாது.

எந்த இடம் என்பதுதான் மிச்சம். போன தடைக்காலத்தில் ஊருக்குப் போயிருந்தபோது, அப்பாவும் மாமாவும் வாசல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரே ஒரு இடத்தை ஐந்து வருடம் தொடாமல் விடலாம் என்றால் எதை விடுவீர்கள் என்று கேட்டேன். மாமா குச்சியை எடுத்து மண்ணில் கரையை வரைந்தார். கோயில் கோபுரத்தையும் ஒரு பனங்கூட்டத்தையும் குறி வைத்து, இரண்டும் நேராக வருகிற இடத்தில் ஒரு புள்ளி. அங்கே ஒரு தாழைத் தரை இருந்தது, ஓரத்தில் சின்னப் பார், சங்கு நிறையக் கிடக்கும் என்றார். அப்பா குனிந்து பார்த்துவிட்டு, பார் அங்கே இல்லை, இன்னும் வாடைப் பக்கம் தள்ளி என்று குச்சியைப் பிடுங்கினார். அந்தப் பாரில்தான் 1998இல் அவர்கள் மடி கிழிந்ததாம். மாமா ஒத்துக்கொள்ளவில்லை. அவர் அந்தப் பாரைக் கையால் தடவிப் பார்த்தவர். அம்மா டீ கொண்டுவந்து வைத்தார். இரண்டு பேரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் நோட்டை எடுத்துவந்து, அவர்கள் சொல்லச் சொல்லப் பெயரை எழுத ஆரம்பித்தேன். மாமா 11 இடம் சொன்னார், அப்பா 14. அதில் 7 இரண்டு பேரும் சொன்னவை. அந்த 7 இடத்துக்கும் குறியை இந்த விடுமுறையில் மாமாவோடு படகில் போய்ச் சரிபார்க்க வேண்டும். அப்பாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.